ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிய கோழி

பிப்ரவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நான் சுகம்தான். முட்டி வலி மட்டும் தினமும் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? விடுதியில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

போனில் பேச வேண்டாம், எழுது என்று சொன்னது நான்தான். என் காதுக்குக் கேட்கிற மாதிரி நீ கத்தினால் விடுதியே எழுந்து வந்துவிடும். எழுதினால் நான் இரண்டு தடவை படித்துக்கொள்வேன். வேலை கிடைத்தது சந்தோஷம். பாக்கிங் வேலை என்றாய். என்ன பாக்கிங்? துணியா, மருந்தா, பிஸ்கட்டா? அதை எழுதவே இல்லையே.

இங்கே அந்தக் கோழி இன்னும் இருக்கிறது. அன்றைக்குச் சனிக்கிழமை. என் பிள்ளை அதைக் கொண்டுவந்து, நான் துணி வெட்டுகிற மேசையின் காலில் கட்டினான். "ஞாயித்துக்கெழமைக்குப்பா, நாளைக்குப் பார்த்துக்கலாம்"னு சொன்னான். வெங்காயம் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் உயிரோடு திரும்பவில்லை. அவ்வளவுதான். அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. கோழியை யாரும் அவிழ்க்கவும் இல்லை, அறுக்கவும் இல்லை. நீ பஸ் ஏறின மறுநாள் கயிற்றை நான் அவிழ்த்துவிட்டேன். எங்கேயும் போகவில்லை. மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

கறிக்கடைக்காரர் வரும்போதும் போகும்போதும் கேட்கிறார். "பெரியவரே, அது பிராய்லர். வச்சிருந்தாலும் நிலைக்காது. குடுத்துடுங்க" என்கிறார். நாட்டுக்கோழி என்றால் எனக்குத் தெரியும். இந்த இனம் எனக்குப் புதுசு. எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும்? நீ இருப்பது பெரிய ஊர். விவரம் தெரிந்தவர் யாரையாவது கேட்டு எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மாமா


மார்ச் 2

மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டி வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

அறையில் மூன்று பேர் இருக்கிறோம். மற்ற இரண்டு பேருக்கும் இரவு ஷிப்டு, அதனால் அதிகம் பேச்சு இல்லை. எனக்கும் அது வசதிதான். வேலை நின்றுகொண்டே. குளிர் அறை. கோட்டும் பூட்சும் கம்பெனியிலேயே கொடுக்கிறார்கள்.

கோழியைப் பற்றி இங்கே வருகிற ஒரு கால்நடை டாக்டரிடம் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். "கறிக்கோழியோட ஆயுசா? ஆறு வாரத்துக்கு மேல அது என்ன ஆகும்னு யாரும்மா பார்த்தா?" என்றார். அப்புறம் யோசித்துச் சொன்னார். கேட்கிற அளவுக்குத் தீனி போட்டால் சில மாதம்கூடத் தாங்காது. அளந்து போட்டால் ஒரு வருஷம், இரண்டு வருஷம், சிலது அதற்கு மேலும் இருக்குமாம்.

காலையில் ஒரு கைப்பிடி, சாயங்காலம் ஒரு கைப்பிடி போடுங்கள். தீனியை ஒரு மூலையிலும் தண்ணீரை எதிர்மூலையிலும் வையுங்கள். நடக்க வேண்டும். நடக்காவிட்டால் கால் போய்விடும். படுக்க மெத்தென்று ஏதாவது போடுங்கள். இன்னும் வேண்டும் என்று கத்தும். போடாதீர்கள். அதற்கு வயிறு நிறைந்ததே தெரியாது. அப்படித்தான் அந்த இனத்தை உண்டாக்கியிருக்கிறார்கள்.

உங்கள் பிள்ளை வாங்கிவைத்த மற்றதெல்லாம் தீர்ந்துவிட்டது மாமா. பேஸ்ட்டைக்கூட பிதுக்கிப் பிதுக்கி நான் முடித்துவிட்டேன். அந்தக் கோழி ஒன்றுதான் மிச்சம். அது இருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மருமகள்


மார்ச் 15

அன்புள்ள மருமகளுக்கு,

சுகம். உன் சுகத்தை இரண்டே வரியில் முடித்துவிட்டு மற்றதெல்லாம் கோழிக்கு எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, கோழிக்குப் படித்துக் காட்டினேன்.

நீ சொன்னபடியே செய்கிறேன். வெட்டுத்துணி மிச்சத்தை எல்லாம் அடைத்து ஒரு மெத்தை தைத்தேன். எனக்கே இப்படி ஒரு மெத்தை இல்லை. அளவு நாடாவை எடுத்து உடம்பைச் சுற்றிப் பார்த்தேன். எத்தனையோ பேருக்குச் சட்டை தைத்த கை இது. இப்படி ஓர் உடம்பை நான் கண்டதில்லை. மார்பு ஒரு ஆளுக்கு, கால் வேறொரு ஆளுக்கு. இதற்குச் சட்டை தைத்தால் ஒரு பொத்தானும் நிற்காது.

ஆனால் அம்மா, அந்தப் பசி இருக்கிறதே! ஆனைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட மாதிரி, நான் போடுகிற கைப்பிடி எந்த மூலைக்கு? தின்று முடித்ததும் நேரே வந்து என் காலடியில் நிற்கிறது. என் சாக்பீஸைத் தின்கிறது. நூலைத் தின்கிறது. பொத்தானைத் தின்னப் போய் நான் வாயைப் பிளந்து எடுத்தேன். வீட்டுக்கு வந்த ஜீவனைப் பட்டினி போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. இருந்தாலும் நீ சொன்னாய் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு மெஷினை வேகமாக மிதிக்கிறேன். அந்தச் சத்தத்தில் அது கத்துவது கேட்காது.

பெயர் வைத்தாயிற்று. ஞாயிறு. அவன் சொன்னதைத்தான் சுருக்கினேன்.

என்ன பாக்கிங் என்று இந்தக் கடிதத்திலும் நீ எழுதவில்லை. கிழவன் மறந்துவிடுவான் என்று நினைக்காதே.

உன் மாமா


ஏப்ரல் 20

மாமாவுக்கு,

நலம். பதில் எழுத நாளாகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். கை மரத்துப்போகிறது. வேலை முடிந்து வந்து வெந்நீரில் வைத்தாலும் ரொம்ப நேரத்துக்கு எதைத் தொட்டாலும் தெரிவதில்லை. போன வாரம் சூடான தம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். பக்கத்தில் இருந்த பெண் பிடுங்கிக் கீழே வைத்தாள். அப்புறம் பார்த்தால் விரல் சிவந்திருந்தது. வலிக்கவில்லை.

ஞாயிறு என்ற பெயர் நன்றாக இருக்கிறது.

வெயில் காலம். மேசைக்கு அடியில் ஈரச் சாக்கு போடுங்கள். கொண்டையைத் தினமும் பாருங்கள். சிவப்பாக இருந்தால் சரி. நீலம் பாய்ந்தால் நெஞ்சு தாங்கவில்லை என்று அர்த்தம். இந்தக் கோழிகளுக்கு அவ்வளவு பெரிய மார்புக்குள்ளே இதயம் ஒரு நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். கால் மூட்டில் கறுப்பாகப் புண் வந்தால் மெத்தையை மாற்றுங்கள்.

எனக்கு இங்கே எதுவும் குறை இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அழுகை மட்டும் வருவதில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மருமகள்


மே 1

அன்புள்ள மருமகளுக்கு,

நான் சுகமாக இருந்து என்ன செய்வது? கை மரத்துப்போகிறது என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து ஊசி நேராக ஓடவில்லை. தையல்காரன் மருமகள் குளிரில் விறைக்கிறாள் என்றால் ஊர் என்ன சொல்லும்?

ஒன்று செய். வெள்ளைத் தாளில் உன் கையை விரித்து வை. விரல் விரலாகச் சுற்றிப் பென்சிலால் கோடு போடு. இரண்டு கைக்கும் போட்டு அனுப்பு. கம்பளித் துணி நல்லதாக ஒரு துண்டு வைத்திருக்கிறேன். கோட்டுக்கு வாங்கியவர் கோட்டு வேண்டாம் என்று போய்விட்டார். உள்ளே போட்டுக்கொள்கிற மாதிரி மெல்லிசாக உறை தைத்துவிடுகிறேன்.

ஞாயிறு நன்றாக இருக்கிறது. கொண்டை சிவப்பு. சாயங்காலம் கதவைத் திறந்துவைத்தால் வாசல்படி வரைக்கும் வருகிறது. படி இறங்காது. பெரிய மனுஷி மாதிரி நின்று தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். அதன் பங்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் என் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

மூன்றாவது தடவை கேட்கிறேன். என்ன பாக்கிங்? இவ்வளவு குளிர் என்றால் ஐஸ்கிரீமா? சொன்னால் ஒன்றும் கேட்டுவிட மாட்டேன்.

உன் மாமா


மே 19

மாமாவுக்கு,

நலம். கையின் கோடு இதோடு இருக்கிறது. வலது கைக்கு மட்டும் தையுங்கள். இடது கைக்கு இங்கேயே ஒன்று தருகிறார்கள், அது போதும்.

பாக்கிங்தான் மாமா.

ஞாயிறுக்குத் தீனி கூட்ட வேண்டாம். தட்டைப் பார்த்தால் நீங்கள் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மருமகள்


ஜூன் 4

அன்புள்ள மருமகளுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

உறையை அனுப்பியிருக்கிறேன். வலது கைக்கு ஒன்று. கட்டைவிரல் பக்கம் தையலை இரட்டையாகப் போட்டிருக்கிறேன். ஏதாவது பிடித்து வேலை செய்தால் அங்கேதான் முதலில் தேயும். அழுத்தம் அதிகமாகத் தெரிந்தால் சொல், பிரித்துத் தைக்கலாம்.

கறிக்கடைக்காரரிடம் ஒரு சந்தேகம் கேட்கப் போயிருந்தேன். கோழி விஷயம் இல்லை, வேறு.

ஞாயிறுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. இரண்டு அடி நடந்து உட்கார்ந்துகொள்கிறது. மழை வந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். கவலைப்படாதே.

சாப்பிட்டாயா? வேலை ரொம்பக் கஷ்டம் என்றால் விட்டுவிடு. இங்கே ஒரு மெஷின் சும்மாதான் இருக்கிறது.

உன் மாமா


ஜூலை 28

அன்புள்ள மருமகளுக்கு,

நான் சுகம். உன்னிடமிருந்து ஜூனிலும் கடிதம் இல்லை, இந்த மாதமும் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே சைக்கிளை மறுபக்கம் திருப்புகிறார். உடம்பு சரியில்லையா? உறை பொருந்தவில்லையா?

ஞாயிறைப் பற்றிக் கேட்பாய். அதற்கு என்ன குறை? மழை பெய்ததும் புது ரத்தம் ஊறிவிட்டது. மூச்சிரைப்பு போன இடம் தெரியவில்லை. நேற்று என்ன செய்தது தெரியுமா? கொல்லைப்பக்கத்து மதில் மேல் ஒரே தாவில் ஏறி நின்றுகொண்டு கொக்கரித்தது! நான் கீழே நின்று "இறங்குடி, இறங்குடி" என்று கெஞ்சுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். அப்புறம் அதுவாகவே பறந்து இறங்கியது. சேட்டைக்கு அளவே இல்லை.

நீ எழுது. இரண்டு வரி போதும். கோழி எப்படி இருக்கிறது என்று கேட்டாவது எழுது.

உன் மாமா


ஆகஸ்ட் 16

மாமாவுக்கு,

நலம். எழுதாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. பேனாவை எடுத்து உட்காருவேன். எழுத ஒன்றும் இருக்காது. மூடிவைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

உறை சரியாக இருக்கிறது. கட்டைவிரல் தையல் நன்றாக நிற்கிறது.

ஞாயிறு மதில் ஏறியதைப் படித்தேன். சந்தோஷம்.

அக்டோபரில் எங்கள் பிரிவுக்கு நான்கு நாள் விடுப்பு தருகிறார்கள். அறையில் இருப்பவர்கள் அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள். நானும் அங்கே வருகிறேன். கோழியைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மருமகள்


செப்டம்பர் 3

அன்புள்ள மருமகளுக்கு,

சுகம். உன் கடிதம் கண்டு ரொம்பச் சந்தோஷம்.

அக்டோபரில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வரலாம். ஆனால் அப்போது வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். சாமானெல்லாம் நடுவீட்டில் குவிந்து கிடக்கும். உட்காரக்கூட இடம் இருக்காது. மழை வேறு. பஸ்ஸெல்லாம் எங்கே நிற்குமோ, எங்கே ஓடுமோ. நான்கு நாளில் இரண்டு நாள் பயணத்திலேயே போய்விடும். எதற்கு வீண் அலைச்சல்? அங்கேயே காலை நீட்டிப் படுத்து ஓய்வெடு.

ஞாயிறைப் பற்றிக் கவலை வேண்டாம். நேற்று தெருநாயைத் துரத்திக்கொண்டு முக்கு வரைக்கும் ஓடியது. நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு போயே போய்விட்டது. அப்படி ஒரு ஓட்டம். அடுத்த வருஷம் வந்தாலும் அது இருக்கும். நீ மெதுவாக வா.

உடம்பைக் கவனி.

உன் மாமா


செப்டம்பர் 14

மாமாவுக்கு,

நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்த முறை உண்மையைச் சொல்லுங்கள்.

அந்த இனம் மதில் ஏறாது மாமா. நாயைத் துரத்தாது. நீங்கள் எழுதியிருப்பது நாட்டுக்கோழியைப் பற்றி.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இடது கையில் இரும்பு வலை உறை போட்டுக்கொண்டு, வலது கையில் கத்தியைப் பிடித்துக்கொண்டு, ஷிப்டு முழுக்க நான் தொடையைப் பிரிக்கிறேன். பெல்ட்டில் ஒன்று போனால் இன்னொன்று வரும். எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. அந்தக் கால் எவ்வளவு தாங்கும் என்று என் கைக்குத் தெரியும். கத்தி படுவதற்கு முன்னாலேயே மூட்டு வழிவிட்டுவிடும். ஞாயிறு நடந்ததே பெரிய விஷயம்.

நீங்கள் அங்கே மெத்தை தைத்துப் போட்டு ஒன்றைக் காப்பாற்றுகிறீர்கள். நான் இங்கே செய்கிற வேலையை எப்படி எழுதுவது? அதனால்தான் பாக்கிங் என்றேன். முதல் வாரம் மட்டும் ஒவ்வொன்றையும் பார்த்து ஞாயிறு என்று நினைத்தேன். அப்புறம் நினைக்கவில்லை. இப்போது எதுவும் நினைப்பதில்லை.

மதில் என்று படித்ததுமே அது இறந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. அழுவேன் என்று எதிர்பார்த்தேன். கடிதத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அதற்குப் பிறகுதான் கோழியைப் பார்க்க வருகிறேன் என்று உங்களுக்கு எழுதினேன். கோழி இல்லை என்று தெரிந்துகொண்டேதான் எழுதினேன். வேறு எதைச் சொல்லிக்கொண்டு வருவது? அவரும் இல்லை. அவர் வாங்கிவந்ததும் இல்லை. நான் அந்த வீட்டுக்கு யார் என்று வருவேன்?

நீங்கள் வர வேண்டாம் என்று எழுதிவிட்டீர்கள். கோழிக்காகத்தான் வர வேண்டாம் என்றீர்களா, நானே வேண்டாம் என்றா? அதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மருமகள்


செப்டம்பர் 22

என் மருமகளுக்கு,

உண்மையைச் சொல்கிறேன். முட்டி வலி அப்படியே இருக்கிறது. சோறு ஒரு வேளைதான் இறங்குகிறது. மற்றபடி உயிரோடு இருக்கிறேன்.

ஞாயிறு ஜூன் மாதமே போய்விட்டது. உன் கடிதம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். அது எதிரே உட்கார்ந்தது. எழுந்து நடக்கவே அதற்குச் சிரமம். கத்தவில்லை, என் தட்டைப் பார்த்தது, அவ்வளவுதான். நீ சொன்னபடி திரும்பி உட்கார்ந்தேன். முதுகில் அதன் கண் குத்துகிற மாதிரி இருந்தது. திரும்பி என் தட்டை அப்படியே அதன் முன்னால் தள்ளிவிட்டேன். வழித்துத் தின்றது. அது வந்ததிலிருந்து அப்படி நிம்மதியாகப் படுத்து நான் பார்த்ததில்லை. காலையில் மெத்தையிலேயே இருந்தது. நீ எழுதியிருந்தாயே, அந்த நீலம்தான் கொண்டையில். என் சோறுதான் கொன்றதா, அதற்கு அவ்வளவுதான் ஆயுசா என்று எனக்குத் தெரியவில்லை. நீ அந்த டாக்டரிடம் கேட்க வேண்டாம்.

கொல்லையில் மதிலோரம் புதைத்தேன். அதனால்தான் மதில் என்று எழுத வந்ததோ என்னவோ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். கோழி செத்துவிட்டது என்று எழுதினால் நீ அதற்கப்புறம் எதற்கு எனக்கு எழுதப் போகிறாய் என்று பயம். பிள்ளையும் போய், கோழியும் போய், கடிதமும் நின்றுவிட்டால் நான் யாரோடு பேசுவது?

உன் வேலை எனக்கு மே மாதமே தெரியும். ஒரு கைக்கு மட்டும் உறை கேட்கிற பாக்கிங் எந்த ஊரில் இருக்கிறது? நம் கறிக்கடைக்காரர் முன்பு ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவர். அவரிடம் போய்க் கேட்டேன். தன் இடது கையைத் தூக்கிக் காட்டி, "கத்தி பிடிக்காத கைக்கு இரும்பு வலை போடுவாங்க பெரியவரே" என்றார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உன் மேல் கோபத்தில் இல்லை. அந்தக் குளிரில் நீ தனியாக நிற்பதை நினைத்து. பிறகுதான் உன் வலது உறைக்குக் கட்டைவிரலில் இரட்டைத் தையல் போட்டேன். கத்திப் பிடி உரசுகிற இடம் அது.

சுண்ணாம்பு அடிக்கவில்லை. யாரும் அடிக்கச் சொல்லவும் இல்லை. அதை நம்பிவிடாதே.

யார் என்று வருவேன் என்று கேட்டிருக்கிறாய். கழுதை, பேச்சைப் பார். என் வீட்டுக்கு வர உனக்குக் கோழி சிபாரிசு வேண்டுமா? விடுப்பு தொடங்குகிற அன்றைக்கே பஸ் ஏறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு வந்துவிடுவாய். கறி எடுக்க மாட்டேன். இரண்டு காய் போட்டுச் சமைத்துவைக்கிறேன். வெங்காயம் நானே நடந்துபோய் வாங்கிவருகிறேன்.

உன் கைக்கோடு போட்ட தாளைத் திருப்பிப் போட்டு, இடது கைக்கும் ஒன்று தைத்திருக்கிறேன். அதே கம்பளிதான். அதை அனுப்ப மாட்டேன். இங்கே மெஷின் மேல் இருக்கிறது. நீ வந்து போட்டுப் பார்.

உன் மாமா